டிகாஸ் 7.1: எதிரில் வருவது சிறிய விமானமாக இருந்தால்?

நடுவானில் மோதலைத் தவிர்க்க உதவும் டிகாஸ் கருவியை நம்மில் எவரும் கடையில் விலை கேட்டு வாங்குவதில்லை. ஆனால் விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும் அதற்கும் சேர்த்தே கட்டணம் செலுத்துகிறோம் என்பதால், அதையும் ஒரு பொருளாக எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை. முழு வசதி பொருத்திய இரண்டு பெரிய விமானங்கள் நேருக்கு நேர் வரும்போது இதற்கு நிகரான கருவி இன்று வேறில்லை. அந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். நான்கு பேர் அமரும் சிறிய விமானமோ தனியார் ஜெட்டோ குறுக்கே வரும்போதுதான் மதிப்பெண் இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது, ஏன் இறங்குகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

கருவி இயங்கும் விதம் எளிமையானது. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் உள்ள ஆன்டெனாக்கள் வழியாக, ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை, 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது சுற்றுவட்டாரத்தை விசாரிக்கிறது. அருகில் உள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது விசாரணைக்குத் தானாகவே பதில் அனுப்பும் ரேடியோ கருவிகள், 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கின்றன. பதில் வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தூரமும், பதிலுக்குள் இருக்கும் எண்ணிலிருந்து உயரமும் தெரிந்துவிடும். எத்தனை மைல் தொலைவு என்பதைவிட, இதே போக்கில் போனால் சந்திக்க எத்தனை விநாடி மிச்சம் என்பதையே கருவி கணக்கிடுகிறது. பறக்கும் உயரத்தைப் பொறுத்து 20 முதல் 48 விநாடி இருக்கும்போது "டிராஃபிக், டிராஃபிக்" என்று எச்சரிக்கும். 15 முதல் 35 விநாடி இருக்கும்போது "கிளைம்ப், கிளைம்ப்" என்றோ "டிசென்ட், டிசென்ட்" என்றோ கட்டளையே இடும். இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. திசையைக் கணிப்பதில் அந்த ஆன்டெனா அவ்வளவு துல்லியமானதல்ல என்பதுதான் காரணம்.

இந்த ஏற்பாடு முழுவதும் எதிராளியின் பதிலை நம்பியே நிற்கிறது. சிறிய விமானத்தில், மற்ற விமானங்களோடு தகவல் பரிமாறக்கூடிய மோட் எஸ் வகை டிரான்ஸ்பாண்டரும் டிகாஸும் இருந்தால், இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்று ஏற மற்றொன்று இறங்கும்படி முடிவு செய்துகொள்ளும். உயரம் சொல்லும் மோட் சி மட்டும் இருந்தால், நம் விமானத்துக்குக் கட்டளை கிடைக்கும். அந்தப் பக்கத்து விமானிக்கு எதுவும் தெரியாது. உயரம் சொல்லாத டிரான்ஸ்பாண்டராக இருந்தால் வெறும் எச்சரிக்கையோடு சரி, எந்தக் கட்டளையும் வராது. டிரான்ஸ்பாண்டரே இல்லையென்றாலோ, இருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருந்தாலோ, டிகாஸைப் பொறுத்தவரை அங்கே வெற்று வானம்தான். இன்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடர்களில் பரவலாக உள்ள, மோதலை எச்சரிக்கும் ஃபிளார்ம் கருவியின் ஒலிபரப்பும் டிகாஸின் காதில் விழாது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசைகள்.

இது வெறும் ஏட்டுக் குறை அல்ல. 1986 ஆகஸ்ட் 31 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் இறங்க வந்துகொண்டிருந்த ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 விமானமும், அனுமதியில்லாமல் அந்த வான்பகுதிக்குள் நுழைந்துவிட்ட பைப்பர் ஆர்ச்சர் விமானமும் செரிட்டோஸ் நகரின் மேல் மோதின. தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தனர். பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் அது உயரம் சொல்லவில்லை. மறு ஆண்டே அமெரிக்கா டிகாஸைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றியது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்கும் சிறு விமானங்களும் உயரம் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. என் பார்வையில், டிகாஸ் என்ற பொருளின் உண்மையான மறுபாதி அந்த இரண்டாவது விதிதான்.

அந்த மறுபாதி கழன்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசில் பார்த்தது. கோல் நிறுவனத்தின் 737-உம், லெகசி 600 என்ற சிறிய தனியார் ஜெட்டும் அமேசான் காட்டின் மேல் 37,000 அடி உயரத்தில் எதிரெதிரே வந்தன. இரண்டிலும் டிகாஸ் இருந்தது. லெகசியின் டிரான்ஸ்பாண்டர் மட்டும் இயங்காத நிலையில் இருந்ததால், இரு காக்பிட்டுகளிலும் ஒரு சத்தமும் எழவில்லை. 737-இல் இருந்த 154 பேரும் இறந்தனர். சேதமடைந்த லெகசி தரையிறங்கித் தப்பியது.

பதில் வரும்போது கருவி எப்படி உழைக்கிறது என்பதற்கு 2025 ஜூலை 25 நல்ல சான்று. கலிஃபோர்னியாவின் பர்பேங்கிலிருந்து லாஸ் வேகாஸ் நோக்கி ஏறிக்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் 1496 விமானத்துக்கு, தனியாருக்குச் சொந்தமான ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்றின் காரணமாக, ஏறும்படியும் இறங்கும்படியும் எச்சரிக்கைகள் வந்தன. விமானிகள் அவற்றின்படி செயல்பட்டார்கள். விமானம் சட்டென இறங்கியதில் விமானப் பணியாளர்கள் இருவர் காயமடைந்ததுதான் அதற்குக் கொடுத்த விலை. கட்டளை வந்த 5 விநாடிக்குள் விமானி இயங்கத் தொடங்க வேண்டும், கட்டளை மாறினாலோ இரண்டரை விநாடிதான். ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே நிற்பவர்களின் கால் தரையில் நிற்காது. சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்வதை முணுமுணுப்போடு கேட்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

7.1 பதிப்பில் கிடைத்த முன்னேற்றங்களுக்கு 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் நேர்ந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். அங்கே ஒரு ரஷ்ய விமானத்தை டிகாஸ் ஏறச் சொல்ல, தரையிலிருந்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்ல, அது கட்டுப்பாட்டாளரின் பேச்சைக் கேட்டு எதிரே வந்த விமானத்தோடு மோதியது. 71 பேர் மாண்டனர். எதிராளி கட்டளைக்கு மாறாக நடந்தால் நம் கட்டளையைத் தலைகீழாகத் திருப்பும் திறன் இந்தப் பதிப்பில் மேம்பட்டிருக்கிறது. குழப்பம் தந்த பழைய "அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட்" குரலுக்குப் பதிலாக "லெவல் ஆஃப்" வந்திருக்கிறது.

என் பெரிய குறை தரைக்கு அருகில்தான். ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் கட்டளை இடுவதில்லை. தரையை ஒட்டிப் பறப்பவரை இறங்கச் சொல்ல முடியாது என்ற நியாயம் புரிகிறது, ஆனால் சிறிய விமானங்கள் அதிகம் புழங்குவதும் அந்த உயரத்தில்தான். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் தரையிறங்கவிருந்த பயணிகள் விமானத்தில், ராணுவ ஹெலிகாப்டரோடு மோதுவதற்குச் சுமார் 20 விநாடிக்கு முன் "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் ஒலித்தது. அதற்கு மேல் சொல்லக் கருவிக்கு அனுமதி இல்லை. இறந்தவர்கள் 67 பேர்.

அந்த அடுக்கில் எல்லாமே மனிதர்களிடம்தான் இருக்கிறது என்பதை, யாருக்கும் காயமின்றி முடிந்த இன்னொரு நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. 2022 ஜனவரியில், கொலராடோவின் ஹேடன் நகரில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத யம்பா வேலி விமான நிலையத்தில், ஜெட்புளூவின் ஏ320 ரன்வே 10-இல் புறப்பட ஓடத் தொடங்கியது. அதே ரன்வேயின் மறுமுனையில், அதாவது 28 பக்கமாக, கிங் ஏர் என்ற சிறிய இரட்டை இன்ஜின் விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. பொது அலைவரிசையில் இரு தரப்பும் பேசியும், அந்த விமானமும் தங்கள் திசையிலேயே இறங்கும் என்று ஏ320 விமானிகள் எண்ணியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே விமானத்தைக் கண்ட கேப்டன், உரிய வேகம் வருவதற்கு முன்பே மூக்கைத் தூக்கிவிட்டார். வால் ரன்வேயில் உரசியது. ஏ320 வலப்புறம் விலகி ஏறி, டென்வரில் பத்திரமாக இறங்கியது. எதிரில் வருபவர் எந்த முனையில் இறங்குகிறார் என்று கேட்டுச் சொல்ல எந்தப் பெட்டியாலும் இயலாது.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண விமானம் வைர வடிவம், எச்சரிக்கைக்குரியது மஞ்சள் வட்டம், கட்டளைக்குரியது சிவப்புச் சதுரம். அருகே நூறடிக் கணக்கில் உயர வித்தியாசம். ஒரே பார்வையில் புரியும் நல்ல வடிவமைப்பு. உயரம் சொல்லாத விமானமோ எண்ணில்லாமல் வெறும் சின்னமாக நிற்கும், அது நமக்கு மேலே 10,000 அடியிலா, நம் நேரேயா என்று விமானி ஜன்னல் வழியாகத்தான் தேட வேண்டும். அங்கேயும் டிகாஸ் பயனற்றது என்று சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரிந்தாலே தேடுதல் பாதி முடிந்தது.

புதிய ஏர்பஸ் விமானங்களில் ஆட்டோபைலட்டே கட்டளையை நிறைவேற்றும் வசதி உண்டு; 2009-இல் ஏ380-க்கு அது முதலில் அங்கீகரிக்கப்பட்டது. விமானி பதறி வேண்டியதற்கு மேல் இழுக்கும் சிக்கலை அது குறைப்பதால், தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ள நிறுவனங்கள் அதையே எடுக்கலாம்.

பராமரிப்பில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தரையில் நின்றபடி டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் ஸ்டாட்டிக் துளையில் காற்றழுத்தக் கருவியை மாட்டி 5,000 அடி என்று உயரத்தைப் பொய்யாகக் காட்டினால், அந்த எண் ஆன்டெனா வழியே வெளியேறி, மேலே இறங்க வரும் விமானங்களின் டிகாஸ் அதை நிஜம் என்றே நம்பும்; இல்லாத விமானத்துக்காக அவற்றின் விமானிகள் விலகிப் பறக்க நேரிடும். சோதனைக்கு முன் ஆன்டெனாவுக்கு உறை போடுங்கள், இல்லையேல் சோதனைக் கருவியோடு கேபிளை நேரடியாக இணையுங்கள். முடிந்ததும் டிரான்ஸ்பாண்டரைப் பதில் அனுப்பாத ஸ்டாண்ட்பை நிலையில் வைத்துவிட்டு, அதன் பிறகே உயரத்தைத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள்.