ஜெர்மன் பிரபு வம்சத்தைத் தேட முதலில் எதைத் திறப்பது: கோத்தா நூல்களா, கோவில் பதிவேடுகளா?

"எங்கள் பாட்டியின் தாத்தா ஒரு பாரோன்" என்ற பேச்சு பல ஜெர்மன் குடும்பங்களில் உண்டு. அதைச் சரிபார்க்கக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் போய் நிற்பது கோத்தா என்ற பிரபு வம்சப் பட்டியல் நூல்களிடம்தான். என்னைக் கேட்டால், கோத்தாவை இரண்டாவதாகத் திறந்தால் போதும். முதல் இடம் கோவில் பதிவேடுகளுக்கு, அதாவது கிறிஸ்தவத் தேவாலயங்கள் எழுதிவைத்த திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கு.

கோத்தா என்பது துரிங்கியாவில் உள்ள ஊர். அங்கே 1763-இல் தொடங்கிய ஒரு பஞ்சாங்கம் மெல்ல மெல்ல ஐரோப்பிய அரச குடும்பங்களின் பட்டியலாக மாறியது. அப்புறம் கிளை நூல்கள் வந்தன: கிராஃப் (கோமகன்) குடும்பங்களுக்கு 1825-இலும், பாரோன்களுக்கு 1848-இலும், தொன்றுதொட்டுப் பிரபுக்களாக இருந்த குடும்பங்களுக்கு 1900-இலும், பட்டயம் வாங்கிப் பிரபு ஆனவர்களுக்கு 1907-இலும். இரண்டாம் உலகப் போரில் நின்றுபோன வேலையை 1951 முதல் வேறு ஒரு தொடர் எடுத்துச் செய்தது. பழைய தொகுதிகளில் பெரும் பகுதியை டுசல்டார்ஃப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இதன் பலம் வேகம். குடும்பம் தோன்றிய ஊர், குலச் சின்னம், மதம், பண்ணைகள் என்று தொடங்கி, ஒவ்வொருவரும் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார், யாரை மணந்தார் என்பது வரை ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். கோவில் பதிவேட்டில் மாதக்கணக்கில் தேட வேண்டியதை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் அந்த விவரங்களைப் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பங்களே எழுதி அனுப்பின. சங்கடமான திருமணம், மணத்துக்கு வெளியே பிறந்த வாரிசு போன்றவை வெளியே தெரியாமல் போக இடம் இருந்தது. பதிப்புக் காலத்தில் உயிரோடு இருந்த குடும்பங்களுக்குத்தான் இடம் என்பதால், 1700-களிலேயே ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போன வம்சத்தை அங்கே தேடிப் பயனில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஓட்டம் முழுக்க ஆண் வழியில் இருப்பது. மகள் யாரை மணந்தாள் என்று வரும், அவள் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1815 ஏப்ரல் 1-இல் ஷோன்ஹவுசனில் பிறந்தவர். அப்பா பழைய பிரபுக் குடும்பம், அந்தப் பக்கத்துக்குக் கோத்தா போதும். அம்மா வில்ஹெல்மினே மெங்கனோ லைப்சிக் பேராசிரியர்களும் அரசு அதிகாரிகளும் வந்த குடும்பத்துப் பெண். அவருடைய அப்பா பிரஷ்ய மன்னரின் செயலாளர். இந்தப் பாதிக்குக் கோத்தா கைவிரித்துவிடும். லைப்சிக் பல்கலைக்கழக ஆவணங்களும் கோவில் பதிவேடுகளும்தான் கதி. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து பிரபு மூதாதையைத் தேடுகிற எவருக்கும் தொடர்பு பெரும்பாலும் ஒரு பெண் வழியாகத்தான் வரும். அதனால்தான் நான் கோத்தாவைப் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

சரி, கோவில் பதிவேடு என்றால் எந்தத் தளம்? இதைத் தீர்மானிப்பது குடும்பத்தின் மதம்.

லூத்தரன், சீர்திருத்தச் சபை என்றால் ஆர்கியோன். 2015-இல் தொடங்கிய இதில் வூர்ட்டம்பெர்க், ஹெசன், ஹனோவர், பெர்லின் எனப் பல சபைக் காப்பகங்கள் சேர்ந்திருக்கின்றன. கட்டணம் உண்டு. ஆனால் எந்த ஊருக்கு எந்த ஆண்டுப் பதிவேடு இருக்கிறது என்பதைப் பணம் கட்டாமலே பார்க்கலாம், அதைப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுவது நல்லது. கத்தோலிக்கர் என்றால் மாட்ரிகுலா. பசாவ், மியூன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்களும் ஆஸ்திரியாவின் பெரும் பகுதியும் அதில் முழுக்க இலவசம். மியூனிக் மறைமாவட்டம் தன் பதிவேடுகளைத் தன் சொந்த டிஜிட்டல் காப்பகத்தில் வைத்திருக்கிறது. ஆர்கியோனிலும் மாட்ரிகுலாவிலும் பெயரைத் தட்டித் தேடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் ஊர் தெரிந்திருக்க வேண்டும், பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

பெயரைத் தட்டித் தேட ஃபேமிலிசெர்ச் இருக்கிறது. அதுவும் இலவசம். ஊர் தெரியாதபோது அதை விட்டால் வழியில்லை. ஆனால் அங்கே வருவது ஒருவர் பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டிய பட்டியல். குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'n' எழுத்தும் 'e' எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே கோடுதான், 'u' என்பதற்கு மேலே ஒரு சின்ன வளைவு போட்டுத்தான் 'n'-இலிருந்து பிரித்துக் காட்டுவார்கள். அந்த வளைவைக் கவனிக்காமல் விட்டால் குடும்பப் பெயரே வேறாகிவிடும். ஆகவே பட்டியலைப் பிடித்துக்கொண்டு மூலப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். ஃபேமிலிசெர்ச்சிலும் மற்ற தளங்களிலும் பயனர்கள் கட்டிய குடும்ப மரங்கள் இருக்கின்றன. இடைக்காலப் பேரரசர் சார்லமேன் வரை ஏறிப்போகிற அந்த மரங்களில் ஆதாரம் காட்டாத கிளை எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூலப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன்? பிரபு வீட்டுக் குழந்தையின் திருமுழுக்குப் பதிவைப் பாருங்கள். அப்பாவின் பெயருக்கு முன் பட்டமும் பதவியும், எந்தப் பண்ணைக்கு உரிமையாளர் என்பதும் இருக்கும். அம்மாவுக்கு அவள் பிறந்த வீட்டின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ஞானப்பெற்றோர் வரிசை சில சமயம் அரைப் பக்கம் ஓடும். வர முடியாதவர்களுக்குப் பதிலாக யார் நின்றார்கள் என்பதுகூட எழுதப்பட்டிருக்கும். பெரியப்பா, தாய்மாமன், அத்தை, பக்கத்துப் பண்ணைக்காரர் என்று உறவு வட்டம் முழுக்க அந்த வரிசையில் நிற்கும். அம்மாவின் பிறந்த வீடு எது என்று திணறும்போது வழி காட்டுவது பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான். கோத்தா இதை ஒரு தேதியாகச் சுருக்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிரஷ்யப் படை அதிகாரிகளின் குழந்தைகள் சொந்த ஊரில் இல்லாமல் படைப்பிரிவு தங்கியிருந்த நகரில் ராணுவக் கோவில் பதிவேட்டில் இருக்கலாம்.

பட்டம் உண்மைதானா என்பது வேறு கேள்வி, அதற்கு அரசு ஆவணக்காப்பகம் வேண்டும். பிரபுக்களின் அடையாளமாகக் கருதப்படும் 'ஃபான்' (von) பெயரில் இருப்பது மட்டும் போதாது. வடமேற்கு ஜெர்மனியில் சாதாரண விவசாயிகளுக்கும் அது உண்டு. 1919-க்குப் பிறகு பட்டம் குடும்பப் பெயரின் ஒரு பகுதியாகிவிட்டதால், அதற்கு அப்புறம் வந்த 'ஃபான்' எதையும் நிரூபிக்காது. புனித ரோமப் பேரரசர் கொடுத்த பட்டம் என்றால் தேட வேண்டிய இடம் வியன்னா. தையற்காரரின் பேரனான கவிஞர் கோதே 1782-இல் இரண்டாம் யோசப் பேரரசரிடம் பிரபுப் பட்டம் பெற்றார். 1806 வரை இப்படிப் பேரரசு வழங்கிய பட்டங்களின் கோப்புகள் ஆஸ்திரிய அரசு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பவேரியாவில் 1808-க்குப் பிறகு பிரபுக்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது, அந்தப் பதிவேடு மியூனிக்கில். பிரஷ்யாவில் 1855 முதல் 1920 வரை பட்டங்களைப் பரிசோதித்த அலுவலகத்தின் கோப்புகள் பெர்லின் டாலம் காப்பகத்தில். இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எதற்கு எழுதுவது என்பது குடும்பம் எந்த ஆட்சியாளரிடம் பட்டம் வாங்கியது என்பதைப் பொறுத்தது.

இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள பொமரேனியா, சிலேசியா போன்ற கிழக்குப் பகுதிக் குடும்பங்களுக்கு வேலை கடினம். பதிவேடுகளில் ஒரு பங்கு போலந்து அரசுக் காப்பகங்களின் இலவசத் தளத்தில், ஒரு பங்கு பெர்லினில் உள்ள சபை மத்தியக் காப்பகத்தின் வழியாக ஆர்கியோனில், மிச்சம் அழிந்தே போய்விட்டது. பிரஷ்யப் படை அதிகாரிகளின் கோப்புகளும் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் எரிந்தன.

பதிவேடே இல்லாத இடத்தில் என்ன செய்வது? முப்பதாண்டுப் போரில், அதாவது 1618 முதல் 1648 வரை, ஏராளமான கோவில் புத்தகங்கள் எரிந்தன. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு நான் முதலில் தேடுவது அச்சிட்ட இறுதிச்சடங்குப் பிரசங்கங்களை. லூத்தரன் பகுதிகளில் ஏறத்தாழ 1550 முதல் 1750 வரை, வசதியுள்ள வீட்டில் ஒருவர் இறந்தால் பாதிரியாரின் பிரசங்கத்தை அச்சடித்து உறவினர்களுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் இறந்தவரின் வாழ்க்கைச் சுருக்கம் இருக்கும், பலவற்றில் பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று இரண்டு பக்கமும் ஏறிப்போகும் பெயர்கள். தாய்வழிக்கும் தந்தைவழிக்கும் சம இடம் தருகிற ஆவணம் இதுபோல் வேறு அதிகமில்லை. ஷ்டோல்பெர்க் கோமகள் சோஃபி எலியோனோரே சேர்க்கத் தொடங்கிய 20,000-க்கும் மேற்பட்ட பிரசங்கங்கள் இப்போது வுல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் இருக்கின்றன. மார்பூர்க் ஆய்வு மையம் வைத்திருக்கும் அட்டவணையில் பெயரைக்கொண்டு இணையத்திலேயே தேடலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். பெற்றோர், பாட்டன் பாட்டி பற்றி எழுதியது பொதுவாகச் சரியாக இருக்கும், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்களைத் தெரியும். நான்காம் தலைமுறைக்கு மேலே போகும்போது குடும்பப் பெருமை உள்ளே புகுந்துவிடுகிறது. அங்கே வரும் பெயரை நிலப் பத்திரமோ மானியப் பட்டயமோ உறுதி செய்யும் வரை பென்சிலால் எழுதி வையுங்கள்.