காலையில் நல்ல பிள்ளை, நாலு மணிக்கு மக்கர்: 14 மாதம் ஓட்டிய ஐஸ் மெஷின்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் எப்போதும் மீன் இருக்கும். தூத்துக்குடியில் இதை யாரும் பெரிய விஷயமாகச் சொல்ல மாட்டார்கள். நெத்திலியோ சாளையோ, கழுவி டப்பாவில் போட்டு அம்மா உள்ளே தள்ளிவிடுவாள். பக்கத்திலேயே ஐஸ் ட்ரே. போன வருஷம் வீட்டுக்கு வந்த ஒருவர் ரோஸ் மில்க்கை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே ஐஸ் மெஷின் வாங்கிவிட்டேன்.

மேடை மேல் வைக்கிற சின்ன வகை. ஆன்லைனில் 11,400 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். இதே பெட்டிதான் ஸ்டிக்கர் மட்டும் மாறி நாலைந்து பெயரில் வருகிறது.

வேலை செய்கிற விதம் பார்க்க ஜோராக இருக்கும். அடியில் தண்ணீர்த் தொட்டி. பம்பு அதிலிருந்து ஒரு சின்னத் தட்டை நிரப்பும். தட்டுக்குள் 9 உலோக விரல்கள் தலைகீழாக முங்கி நிற்கும். கம்ப்ரசர் அந்த விரல்களைக் குளிர வைக்க, அவற்றைச் சுற்றி ஐஸ் கட்டும். நேரமானதும் தட்டு சரியும், விரல்கள் கொஞ்சம் சூடாகும், 9 கட்டியும் கடகடவென்று கூடையில் விழும். விரல் நுனிக்கு வைக்கிற மருதாணித் தொப்பி மாதிரி, நடுவில் குழி விழுந்த கட்டிகள். சீக்கிரம் குளிர்விக்கும், சீக்கிரம் கரைந்தும் போகும்.

பெட்டியில் 'ஒரு நாளைக்கு 12 கிலோ' என்று போட்டிருந்தது. மே மாதம், எங்கள் அடுப்படி வெக்கையில் சமையல் தராசை வைத்துப் பார்த்தேன். ஒரு ஈடு 75 கிராம், அதற்கு 12 நிமிஷம். மணிக்கு 5 ஈடு, 375 கிராம். இருபத்து நாலு மணி நேரமும் நிறுத்தாமல் ஓடினால் 9 கிலோ. யார் வீட்டில் அப்படி ஓட்டுவார்கள்? நான்கு பேருக்கு நன்னாரி சர்பத் போட ஒரு மணி நேர ஓட்டம் போதும். அந்த வகையில் குறை இல்லை. முதல் ஈடு மட்டும் எப்போதும் நோஞ்சானாக விழும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூடைக்குக் குளிர்ச்சி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எடுக்காமல் விட்டால் ஐஸ் கரைந்து தொட்டிக்கே திரும்பிப் போகும். சரி, ஃப்ரீசரில் எடுத்து வைக்கலாம் என்றால் அங்கே நெத்திலி.

ஒரு வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. கம்ப்ரசர் சத்தத்தைச் சொல்லவில்லை, அது உண்டு. பதினான்காவது மாதம்தான் வம்பு தொடங்கியது. ஒரு சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் 'கூடை நிறைந்துவிட்டது' என்கிற சிவப்பு விளக்கு. கூடையில் ஒரு கட்டிகூட இல்லை. அணைத்துப் போட்டேன், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் விட்டுச் செருகினேன். அதே சிவப்பு.

கூடையின் மேல் விளிம்புக்கு நேராக, இரண்டு பக்கச் சுவரிலும் மிளகு அளவில் ஒவ்வொரு கறுப்புக் கண் இருக்கும். ஒன்று அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், எதிரில் இருப்பது வாங்கும். ஐஸ் குவிந்து நடுவில் மறித்தால் மெஷின் நின்றுவிடும். அந்தக் கண் மங்கினாலும் அப்படித்தான். எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திர அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். கண்ணிலும் அதே வெள்ளைப் படலம். மறுநாள் காலை வினிகரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். ஓடியது! பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே மறுபடி சிவப்பு.

அனுப்புகிற கண் செத்துவிட்டதோ என்று செல்போன் கேமராவில் பார்த்தேன். இது யாரும் செய்து பார்க்கலாம். முதலில் டிவி ரிமோட்டை முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அமுக்குங்கள். திரையில் ஊதாப் பொட்டு மின்னினால் உங்கள் போனுக்கு அகச்சிவப்பு தெரியும் என்று அர்த்தம். அப்புறம் அதே கேமராவை மெஷினின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். எனக்கு மங்கலாக ஊதா தெரிந்தது. அனுப்புகிற கண் உயிரோடுதான் இருந்தது.

சர்வீஸுக்குச் சொன்னேன். வாரன்ட்டி 12 மாதத்தோடு முடிந்துவிட்டது, வந்து பார்க்க 350 ரூபாய். வந்த தம்பி காலை பத்தரைக்கு வந்தார். மெஷின் நல்ல பிள்ளையாக மூன்று ஈடு போட்டுக் காட்டியது. "நல்லாத்தான அண்ணாச்சி ஓடுது" என்று 350-ஐ வாங்கிக்கொண்டு போனார். அன்று நாலு மணிக்குச் சிவப்பு. வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டாம் தடவையும் காலையில்தான் வந்தார். இந்த முறை திறந்தே பார்க்கவில்லை. "சென்சார் போர்டையே மாத்தணும் அண்ணாச்சி. 1,850 ஆகும்." எதற்கு மாற்ற வேண்டும் என்றதற்கு, "மாத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். ஆளைக் குறை சொல்ல மனசில்லை. ஆனால் சாயங்காலம் மட்டும் வருகிற கோளாறைக் காலையில் வந்து பார்ப்பதற்கு இரண்டு தடவை 350 என்பது எந்த ஊர் நியாயமோ.

கோளாறைக் கண்டுபிடித்தது மோர் மிளகாய். மாடியில் காய்ந்த மிளகாயை அம்மா சுளகோடு கீழே கொண்டுவந்து, இடமில்லாமல் மெஷின் மூடி மேலேயே வைத்துவிட்டாள். நான் அணைக்க மறந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் சிவப்பு விளக்கு இல்லை. சுளகை எடுத்தேன்: மூடியின் கண்ணாடி வழியாக ஒரு கட்டி வெயில் நேராகக் கூடைக்குள் இறங்கியது, அது பட்டது சரியாக வலது பக்கக் கண்ணில். சில நொடியில் சிவப்பு. சுளகை வைத்தேன், போய்விட்டது. எடுத்தேன், வந்தது. நாலைந்து தடவை செய்திருப்பேன். "ஏல, மிளகா சிந்துது" என்று அம்மா சுளகைப் பிடுங்கிக்கொண்டாள்.

வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருக்கிறது. எதிரில் லாரி முழு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் ரோட்டோரம் நிற்கிற ஆள் நமக்குத் தெரிவாரா? அதே கதைதான். வாங்குகிற கண்ணில் வெயில் நிறைந்துவிட்டதால் எதிர்க்கண் அனுப்புகிற சின்ன ஒளி அதற்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால், நடுவில் ஐஸ் மறிக்கிறது என்றுதான் மெஷினுக்கு அர்த்தம்.

அப்படியென்றால் ஒரு வருஷம் எப்படி ஓடியது? மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு முருங்கை நின்றது. கம்பளிப்பூச்சித் தொல்லை என்று அவர்கள் அதை மொட்டையடித்த வாரத்தில்தான் எனக்குச் சிவப்பு விளக்கு ஆரம்பித்திருக்கிறது. நான் போர்டையும் வினிகரையும் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

கையேட்டைத் தேடி எடுத்தேன். 'நேரடி வெயிலில் வைக்கக் கூடாது' என்று இருக்கத்தான் செய்தது, எறும்பு எழுத்தில். சூடாகும் என்பதற்காகச் சொல்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். வெயில் பட்டால் கூடை நிறைந்த விளக்கு எரியும் என்று இன்னொரு வரி சேர்த்திருந்தால் எனக்கு 700 ரூபாய் மிச்சம். கோளாறு பட்டியலில் அந்த விளக்குக்கு நேரே 'சேவை மையத்தை அணுகவும்' என்று மட்டும் இருக்கிறது.

இப்போது மெஷின் ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம், வெயில் எட்டாத மூலையில். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன், காற்று போக இடம் வேண்டும். நகர்த்தும்போது சாய்க்க வேண்டியிருந்ததால் ஒரு நாள் முழுக்கச் சும்மா நிற்க விட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்; கம்ப்ரசர் எண்ணெய் திரும்ப அடியில் இறங்க வேண்டும். தண்ணீரும் கேன் தண்ணீருக்கு மாறியாயிற்று. நடுவில் ஒரு நாள் தொட்டி நிறைய இருந்தும் 'தண்ணீர் இல்லை' விளக்கு வந்தது. அது பம்பு வாயில் இருக்கிற வலை அடைப்பு, பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

மெஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். சர்வீஸுக்கு ஒன்று, அதுவும் அந்தத் தம்பி செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்ததற்காக. முருங்கை மறுபடி துளிர்த்திருக்கிறது. நான் மெஷினைப் பழைய இடத்துக்கு மாற்றுவதாக இல்லை, அங்கே இப்போது சுளகு இருக்கிறது.