வகுப்புக்கு சூம், கூட்டத்துக்கு மீட்: என் கணக்கு

இணையத்தில் முகம் பார்த்துக் கூடிப் பேசும் செயலிகளில், இலவசக் கணக்கில் சூம் ஒரு தடவைக்கு 40 நிமிடம் தரும், கூகுள் மீட் 60 நிமிடம் தரும், இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். இதை மட்டும் பார்த்தால் மீட்தான் என்று தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு ஏ.எல். (உயர்தர) கணக்கீடு வகுப்பை மீட்டில் தொடங்கினேன், இரண்டு மாதத்தில் சூமுக்கு மாறிவிட்டேன். நேரம் போதாமல் இல்லை, எழுதிக் காட்ட இடம் போதாமல்.

கணக்கீடு வாயால் மட்டும் படிப்பிக்கிற பாடமா? பரீட்சை மீதியை, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் சரிபார்க்கும் பட்டியலை, கோடு போட்டு எழுதி, பிழையான தொகையைச் சிவப்பில் வெட்டி, பக்கத்தில் சரியானதைப் போட்டுக் காட்டவேண்டும். மீட்டோடு ஓடிய ஜாம்போர்டு பலகையை கூகுள் 2024 முடிவோடு நிறுத்திவிட்டது. வேறு செயலியைத் திறந்து திரையைப் பகிரலாம்தான், ஆனால் இலவச மீட்டில் என் திரையில் பிள்ளைகள் எழுத முடியாது. சூமில் பகிர்ந்த திரையின் மேலேயே அவர்களும் கீறலாம். "எங்க பிழை, வட்டம் போடுங்கோ" என்றால் பதினெட்டு வட்டம் வந்து விழும், அதில் ஐந்தாறு தலைப்பின் மேல். யாருக்கு விளங்கவில்லை என்று பேர் கூப்பிட்டுக் கேட்காமலே தெரிந்துவிடும். பிள்ளைகளைச் சின்னக் குழுக்களாகப் பிரிப்பதும், பாடத்தை என் கணினியில் பதிவதும் சூமின் இலவசக் கணக்கிலேயே உண்டு. மீட்டில் இரண்டுக்கும் காசு கட்டவேண்டும். 40 நிமிட எல்லைக்கு என் வழி, 35 நிமிடத்தில் நானே நிறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்வது.

டேட்டாதான் பெரிய தலையிடி. பாதிப் பிள்ளைகள் தாயின் போனில், ரீலோட் போட்டுத்தான் வருகிறார்கள். சூமே சொல்கிற அளவின்படி குரலுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட், முகம் காட்டாமல் திரை மட்டும் பகிர்ந்தால் 50 முதல் 75. பெருக்கிப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 70 எம்.பி. அளவில் அடங்கும். நல்ல தரத்தில் முகமும் வேண்டுமென்றால் இறங்குவதற்கே நொடிக்கு 600 கிலோபிட், அதாவது மணிக்கு 270 எம்.பி., சொந்தக் கமராவைத் திறந்தால் அது வேறு. அதனால் என் வகுப்பில் கமரா வேண்டாம், என்னுடையதும் மூடித்தான் இருக்கும்.

இதே மாதிரிச் செயலியான ஜிட்சி மூன்று நாலு பேர் பேசிக்கொள்ள நல்லது, சேருகிறவருக்குக் கணக்கே தேவையில்லை. 2023 ஓகஸ்ட் முதல் அவர்களுடைய தளத்தில் அறையைத் திறக்கிறவர் மட்டும் கூகுள், பேஸ்புக், கிட்ஹப் ஏதாவதொன்றால் உள்நுழைய வேண்டும். பிக்புளூபட்டன் வேறு சாதி. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதற்கென்றே பிறந்தது. பலகை, வாக்கெடுப்பு, பொதுக் குறிப்பேடு எல்லாம் உண்டு, மூடில் என்ற இணையவழிப் பாடத் தளத்துக்குள்ளேயே பொருந்தும். மென்பொருள் இலவசம், ஆனால் 16 ஜி.பி. நினைவகமும் எட்டு கோர்களும் உள்ள சேர்வர் கேட்கும், அதைப் பார்க்க ஆளும் வேண்டும். அந்த வசதியுள்ள கல்வி நிலையம் என்றால் சூமைவிட இதைத்தான் சொல்வேன். என்னைப் போல் தனியாளுக்குச் சரிவராது.

கூட்டம் என்று வந்தால் என் தீர்ப்பு தலைகீழ். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் யாரும் பலகையில் எழுதப் போவதில்லை, பேசத்தான் போகிறார்கள், 40 நிமிடத்தில் வரவேற்புரையே முடியாது. மீட்டின் 60 நிமிடம் அளவான நேரம். அறை மூடிவிடும் என்ற பயத்தில் நன்றியுரையும் சுருங்கும்.

இன்னொரு வசதி, கூகுள் நாட்காட்டியில் அழைப்பு அனுப்பினால் அவரவர் ஊர் நேரத்திலேயே காட்டும். இங்கே இரவு ஏழரை என்றால் மாரியில் ரொறன்ரோவில் காலை ஒன்பது, லண்டனில் மத்தியானம் இரண்டு. மார்ச்சில் ரொறன்ரோக்காரர் மணிக்கூட்டை முதலில் மாற்றுவார்கள், லண்டன் இரண்டு மூன்று கிழமை பிந்தி, நாங்கள் மாற்றுவதே இல்லை. வட்ஸ்அப்பில் வெறுமனே "ஞாயிறு ஏழரை" என்று போட்ட ஒரு தடவை ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை போன் எடுத்துக் கேட்டார்: "தம்பி, ஏழரை உங்களுக்கோ எங்களுக்கோ?"