வெல்டு ஜாயிண்ட் கணக்கை எதில் வைப்பது: நோட்டா, எக்செலா, சாஃப்ட்வேரா?

பைப்பிங் கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு வெல்டிங் முடிந்த அன்று பணம் வந்துவிடாது. ஹைட்ரோ டெஸ்ட் (பைப்பில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிப் பார்க்கும் சோதனை) முடிந்து, ஃபைலில் கையெழுத்து விழுந்த பிறகுதான் கடைசி பில் நகரும். அந்த ஃபைல் ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். எந்த ஐசோ (பைப் லைனின் வரைபடம்), எந்த வெல்டர், எந்த டபிள்யூ.பி.எஸ். (எப்படி வெல்டு போட வேண்டும் என்று எழுதிய செய்முறை), இரண்டு பக்கமும் எந்த ஹீட் நம்பர் (பைப் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்), ரேடியோகிராஃபி ஃபிலிம் எடுத்தாயிற்றா, ரிப்பேர் வந்ததா? ஸ்டீம் லைனாக இருந்து ஐ.பி.ஆருக்குள் (இந்திய பாய்லர் விதிமுறைகள்) வந்தால், பைப்புக்கு ஃபார்ம் 3-ஏ சான்றிதழ், வால்வுக்கும் ஃபிட்டிங்குக்கும் 3-சி என்று இன்னொரு கட்டுச் சேரும். பத்து ஜாயிண்ட் என்றால் மனதிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டாயிரம் ஜாயிண்டுக்கு என்ன செய்வது?

ஷாப்பிலும் (பைப்பை வெட்டி இணைக்கும் பட்டறை) சைட்டிலும் கியூ.சி.யாக (தரக் கட்டுப்பாடு) மூன்று முறைகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றையும் நான் உரசிப் பார்ப்பது ஒரே கல்லில்தான்: வெல்டு போட்ட இடத்துக்கும் பதிவு நடக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்?

அந்தக் கணக்கில் நோட்டுதான் முதலிடம். ஃபிட்டர் பெயிண்ட் மார்க்கரால் பைப் மேலேயே ஜாயிண்ட் நம்பர், வெல்டர் நம்பர், தேதி எழுதிவிடுவார். சூப்பர்வைசர் அங்கேயே நின்று நோட்டில் ஏற்றுவார். சார்ஜ் தீராது, நெட்வொர்க் தேவையில்லை, யாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தேடும்போதுதான் நோட்டு கையை விரிக்கும். "ஏழாம் நம்பர் வெல்டர் இதுவரை எத்தனை ஜாயிண்ட் போட்டார், அதில் எத்தனைக்கு ஃபிலிம்?" என்று டி.பி.ஐ. (மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர்) கேட்டால் நான்கு நோட்டுகளைப் புரட்ட வேண்டும்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிராசஸ் பைப்பிங்குக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. பி31.3-இல் சாதாரண சர்வீஸ் லைனுக்குக் குறைந்தது 5% ஜாயிண்டுக்கு ரேடியோகிராஃபி எடுத்தால் போதும். ஆனால் அந்த 5%-க்குள் ஒவ்வொரு வெல்டரின் வேலையும் வந்திருக்க வேண்டும். ஒரு வெல்டரின் ஃபிலிம் ஒன்று ரிஜெக்ட் ஆனால், அதே லாட்டில் (ஒன்றாகக் கணக்கிடும் ஜாயிண்ட் தொகுதி) அவர் போட்ட இன்னும் 2 ஜாயிண்டை எடுக்க வேண்டும். சைட்டில் இதைப் பெனால்ட்டி என்போம். அதிலும் ஒன்று போனால், போன ஒவ்வொன்றுக்கும் மேலும் 2. அதிலும் போனால் அந்த லாட்டில் அவர் கைபட்டது மொத்தத்தையும் ஷூட் செய்து தேவையான இடத்தில் ரிப்பேர் செய்ய வேண்டும், இல்லையென்றால் வெட்டி மறுபடி போட வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. இன்று ரிஜெக்ட், நான்கு நாள் கழித்துப் பெனால்ட்டி, அதற்குள் அந்த ஸ்பூல் (ஷாப்பில் வெல்டு போட்டுச் சேர்த்த பைப் துண்டு) பெயிண்டுக்குப் போயிருக்கும். எந்த ரிஜெக்டுக்கு எந்தப் பெனால்ட்டி என்று கோத்து வைக்காவிட்டால், டெஸ்ட் பேக் (ஹைட்ரோ டெஸ்டுக்கான ஃபைல்) ஒப்படைக்கிற அன்று கான்ட்ராக்டரால் பதில் சொல்ல முடியாது.

எக்செல் இங்கே நிறையக் கைகொடுக்கும். ஃபில்டர் போட்டால் வெல்டர் வாரியாகக் கணக்கு ஒரு நொடியில் வந்துவிடும். வெல்டர் ஒரு பிராசஸில் (வெல்டிங் முறையில்) 6 மாதம் வெல்டு போடாமல் இருந்தால், ஏ.எஸ்.எம்.இ.யின் வெல்டர் தகுதி விதிகளான செக்‌ஷன் 9 படி அந்தப் பிராசஸில் அவருடைய தகுதி காலாவதியாகிவிடும். கடைசித் தேதியை வைத்து ஒரு ஃபார்முலா எழுதினால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். செலவு என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்றும் சிறிய ஷாப்களுக்கு நான் முதலில் சொல்வது எக்செல்தான்.

ஆனால் ஒரு ராத்திரியை மறக்க முடியவில்லை. மறுநாள் டெஸ்ட் பேக் ஒப்படைக்க வேண்டும். ஷீட்டில் யாரோ ஹீட் நம்பர் நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து 'சார்ட்' (வரிசைப்படுத்து) கொடுத்திருந்தார்கள். ஜாயிண்ட் நம்பர் வரிசையாக இருக்கிறது, ஹீட் நம்பர் மட்டும் மேலும் கீழுமாக இடம் மாறிவிட்டது. சேவ் செய்து மூடியும் ஆயிற்று. கார்பன் ஸ்டீல் எல்போவுக்கு நேரே அலாய் பைப்பின் ஹீட் நம்பர் உட்கார்ந்திருந்ததால்தான் கண்ணில் பட்டது. எல்லாமே ஒரே மெட்டீரியலாக இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். ஃபிட்டர் ஒருவரும் நானும் டார்ச் அடித்துக்கொண்டு, பைப்பில் பஞ்ச் செய்திருந்த நம்பரைத் துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தோம். சில இடங்களில் கிரைண்டிங்கில் பாதி எண் அழிந்திருந்தது. "சார், இது மூணா எட்டா?" என்று அவர் கேட்டபோது எனக்கும் தெரியவில்லை. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு அந்த ஷீட்டில் தடயமே இல்லை.

தனி சாஃப்ட்வேருக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். ஒழுங்காகச் செய்யப்பட்ட சாஃப்ட்வேரில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்பது நிற்கும். தகுதியில்லாத வெல்டரை அந்த டபிள்யூ.பி.எஸ்.ஸுக்கு நேரே போட விடாது. தேதி முரணையும் பிடிக்கும். அனுபவமுள்ள டி.பி.ஐ. முதலில் பார்ப்பதே தேதிகளைத்தான். ஃபிட்-அப் (வெல்டுக்கு முன் பைப்புகளைப் பொருத்திச் சரிபார்ப்பது) ரிப்போர்ட்டுக்கு முந்தின நாளில் வெல்டு, வெல்டர் லீவில் இருந்த நாளில் ஜாயிண்ட் என்று ஒன்று கிடைத்தால் போதும், மொத்த ஃபைல் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

வெல்டிங் மெஷின் கம்பெனிகளும் இதில் இறங்கியிருக்கின்றன: கெம்பியின் வெல்ட் ஐ, ஈசாபின் வெல்ட்கிளவுட், ஃப்ரோனியஸின் வெல்ட்கியூப். ஆர்க் ஓடும்போதே ஆம்பியர், வோல்ட்டை மெஷினிலிருந்து பதிய முடிவது இந்தப் பக்கத்தின் பலம். பி91 போன்ற அலாய் ஸ்டீல் வேலையில் ஹீட் இன்புட் (வெல்டில் ஏறும் வெப்பத்தின் அளவு) பதிவு நிஜமாகவே உதவும். ஆனால் பல பிராண்டில் பழைய ரெக்டிஃபையர் வெல்டிங் மெஷின்களை வைத்து ஓட்டுகிற கான்ட்ராக்டருக்கு அந்த வசதிக்காகப் பணம் போடுவது வீண். ஜாயிண்ட், வெல்டர், ஹீட் நம்பர், ஃபிலிம் ரிசல்ட் ஆகியவற்றைக் கோத்துத் தந்தாலே அவருக்குப் போதும்.

சாஃப்ட்வேர் சறுக்குவது ரிஃபைனரி கேட்டில். டெமோவில் ஸ்பூலில் ஒட்டிய கியூ.ஆர். கோடை ஃபோனில் காட்டுவார்கள், அழகாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ரிஃபைனரிக்குள் சாதாரண ஃபோனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். ஆபத்தான ஏரியாவுக்கென்று சான்று பெற்ற ஃபோன் வேண்டும், அதன் விலையே வேறு. அது இல்லாதபோது என்ன நடக்கிறது? சூப்பர்வைசர் பகல் முழுக்கத் துண்டுச் சீட்டில் எழுதி, சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து ஏற்றுகிறார். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்த சாஃப்ட்வேராக இருந்தாலும் பதிவு வெல்டிலிருந்து ஒரு நாள் தள்ளிப் போய்விடுகிறது.

அதனால் நான் பிரித்துத்தான் சொல்வேன். ஒரே ஷாப், சில நூறு ஜாயிண்ட், ஏற்றுவது ஒரே ஆள் என்றால் எக்செல் போதும். ஷீட்டைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள், தினமும் ஒரு காப்பி தனியாக வையுங்கள். ஷாப் ஒரு ஊரில், சைட் இன்னொரு ஊரில், ஆயிரத்தைத் தாண்டிய ஜாயிண்ட் என்றால் சாஃப்ட்வேர் வாங்குங்கள். ஷாப் வெல்டை நேரடியாக அதில் ஏற்றலாம். ஃபோன் போகாத இடத்து ஃபீல்டு வெல்டுக்கு, கட்டங்கள் அச்சடித்த சீட்டும் பேனாவும் இருக்கட்டும். அன்றைய சீட்டு அன்றே ஏறி, அதன் ஃபோட்டோவும் ஜாயிண்டோடு சேர வேண்டும்.

வாங்கும் முன் விற்க வருகிறவரிடம் இரண்டு விஷயங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு ஜாயிண்டை ரிஜெக்ட் ஆக்கி, ரிப்பேர் போட்டு, பிறகு வெட்டிப் புது ஜாயிண்டாக மாற்றச் சொல்லுங்கள். பெனால்ட்டி கணக்கு தானாக நகர்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, மொத்த டேட்டாவையும் பி.டி.எஃப். ஆகவும் எக்செலாகவும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைனில் வேறு மாதிரி சொல்லாத வரை, பரிசோதனைப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது பி31.3. சாஃப்ட்வேர் சந்தாவை நீங்கள் இரண்டாவது வருஷமே நிறுத்த நேரலாம், பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.