தேர்வாளர் குழுவா, நேரடி வாக்கா?

அமெரிக்கத் தேர்தல் வந்தால் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலும் இந்தப் பேச்சுத்தான்: ஜனாதிபதியை அமெரிக்காவைப்போல மாநிலவாரியாகத் தெரிவாகும் தேர்வாளர்கள் தெரிவு செய்வதா, இலங்கையைப்போல மக்களே நேரடியாகத் தெரிவு செய்வதா?

வாக்கின் பெறுமதி
தேர்வாளர்: வெல்வதற்கு 538 தேர்வாளர்களில் 270 பேரின் வாக்குப் போதும். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்குப் பெற்றும் தோற்றார்.
நேரடி: வடக்கே நல்லூரில் போடும் வாக்கும் தெற்கே காலி நகரில் போடும் வாக்கும் ஒன்றே.

சிறிய பகுதிகளின் குரல்
தேர்வாளர்: எந்தச் சிறிய மாநிலத்துக்கும் குறைந்தது 3 தேர்வாளர்கள்.
நேரடி: எண்ணிக்கைதான் பேசும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு அள்ளிக் கொடுத்தது, வென்றவர் கோட்டாபய ராஜபக்ச. ஆனால் 2005 ஜனாதிபதித் தேர்தலை மறக்க முடியவில்லை. வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவில்லை. வெற்றி வித்தியாசமோ 2 லட்சம் வாக்குக்கும் குறைவு. வடக்கு வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கலாம்.

எண்ணும் சிரமம்
இலங்கையின் நேரடி முறையில் யாரும் பாதி வாக்கைத் தாண்டாவிட்டால் விருப்பு வாக்கு, அதாவது வாக்காளர் இரண்டாவது, மூன்றாவது தெரிவாகக் குறித்தவை, எண்ண வேண்டும். 2024இல்தான் முதல்முறை அப்படி நடந்தது.

சரி, மாநிலங்கள் சேர்ந்து உருவான கூட்டாட்சிக்குத் தேர்வாளர் முறை பொருந்தலாம். எங்களுக்கு நேரடி வாக்கே வேண்டும், விருப்பு வாக்கையும் சேர்த்து.