ஜியோஜீப்ரா: புதிதாகப் பத்தாம் வகுப்பு எடுக்கும் கணித ஆசிரியருக்கு

பதினைந்து ஆண்டுகள் கீழ்வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என்னிடம் பத்தாம் வகுப்பும் தொடுதிரைப் பலகையும் ஒரே நாளில் ஒப்படைக்கப்பட்டபோது, மாணவர் முன்னிலையில் எதையாவது தவறாக அழுத்திவிடுவேனோ என்ற அச்சத்தில் இரவு உறக்கமே வரவில்லை. மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும், கணித வரைபடங்களைத் திரையில் வரைந்து அசைத்துக் காட்டும் இலவச மென்பொருள்தான் அந்த அச்சத்தைத் தணித்தது. y = ax² + bx + c என்னும் இருபடிச் சார்பின் முதல் கெழுவான a-க்கு ஒரு ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை) அமைத்து, அதை நேர்மதிப்பிலிருந்து மெல்ல நகர்த்தினால், மேல்நோக்கித் திறந்திருந்த பரவளையம் விரிந்து, சுழியில் நேர்க்கோடாகி, பின்னர் கீழ்நோக்கிக் கவிழ்கிறது. கரும்பலகையில் எத்தனை படம் வரைந்தும் என்னால் காட்ட முடியாத அசைவு இது. தவறினாலும் அன்டூ பொத்தானை அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். கணினியில் நிறுவிக்கொண்டால் இணைய இணைப்பும் தேவையில்லை. கட்டளைகளை மனப்பாடம் செய்யாமல், மறுநாள் பாடத்துக்கு வேண்டிய ஒரே படத்தை மட்டும் முந்தைய இரவு வீட்டில் வரைந்து பழகுவது போதும்.