டிராயிங்கில் 508, இரும்பில் 500

லேசர் கட்டிங்குக்கான டிராயிங்கை வெளி ஆளிடம் போட்டு வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். அளவுக்கோட்டின் மேல் இருக்கும் எண்ணை மட்டும் நம்பி வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். கோவையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போட்டுக்கொடுத்தவர் பெயர் வேண்டாம். இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று லேசர்காரரே சொன்னார்.

எங்கள் பட்டறையில் ஓடும் பழைய இங்கிலாந்து மெஷினுக்கு பேஸ் பிளேட் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மெஷின், எல்லாமே இஞ்ச் கணக்கு. 24 இஞ்ச் சதுரம், மூலைக்கு ஒரு போல்ட் துளை, துளைக்குத் துளை 20 இஞ்ச். கையால் வரைந்து, மிமீயில் டிராயிங் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். வந்த பிடிஎஃப்பில் 609.6, 508 எல்லாம் சரியாகவே இருந்தன. கூட வந்த டிஎக்ஸ்எஃப் ஃபைல் (வெட்ட வேண்டிய கோடுகள் இருக்கும் ஃபைல்) லேசருக்குப் போனது, 16 மிமீ எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட் வெட்டி வந்தது. ஒரு போல்ட் அழகாக இறங்கியது. அடுத்தது இறங்கவே இல்லை. டேப் பிடித்தால் துளைக்குத் துளை 500.

லேசர்காரர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். "அளவு எழுத்தை எல்லாம் நாங்க எடுத்துருவோம்ங்க. கோடு எங்க இருக்கோ அங்கதான் மெஷின் வெட்டும்." நியாயம்தான்.

அப்புறம் ஃபைலை ஆட்டோகேடில் (டிராயிங் போடும் சாஃப்ட்வேர்) திறந்து, ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் விஷயம் வெளியே வந்தது. மெஷர்மென்ட் என்ற இடத்தில், அதாவது கோட்டின் நிஜ நீளம், 500. டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற இடத்தில், அதாவது அதற்குப் பதிலாகக் கையால் தட்டிய எழுத்து, 508. டிராயிங் போட்டவர் இஞ்சில் வரைந்துவிட்டு, 25.4ஆல் பெருக்குவதற்குப் பதில் 25ஆல் ஸ்கேல் செய்திருக்கிறார். அதைக்கூடக் கைத்தவறு என்று விடலாம். ஆனால் 500 என்று வந்ததைக் கண்ணால் பார்த்து, அதன் மேல் 508 என்று தட்டச்சு செய்திருக்கிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேட்டால், "யூனிட்ஸ் மிமீன்னுதானே சார் செட் பண்ணியிருக்கு" என்றார். இந்தப் பதிலில் ஏமாறாதீர்கள். அந்த செட்டிங் வெறும் சீட்டு. ஒரு டிராயிங்கை இன்னொன்றில் இன்சர்ட் செய்யும்போது ஸ்கேல் பார்க்க உதவும், அவ்வளவுதான். அதை மாற்றினால் வரைந்த கோடு ஒரு நூல்கூட நகராது. டிஎக்ஸ்எஃப்பை நோட்பேடில் திறந்து இன்ஸ்யூனிட்ஸ் (INSUNITS) என்று தேடினால், கீழே 70 என்ற வரியும் அதற்கடுத்து ஒரு எண்ணும் இருக்கும்: 1 என்றால் இஞ்ச், 4 மிமீ, 6 மீட்டர், 0 என்றால் எதுவும் சொல்லவில்லை. ஆட்டோகேடின் பழைய ஆர்12 வடிவில் சேமித்த ஃபைலில் அந்த வரியே இருக்காது.

ஆகவே தூரம் அளக்கும் டிஸ்ட் (DIST) கமாண்டில் நீங்களே இரண்டு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். ஓவர்ரைடு காலியாக இருந்தாலும் தொடுங்கள். ஏனென்றால் டைமென்ஷன் ஸ்டைல் என்ற அளவு எழுத்துக்கான செட்டிங்கில், நிஜ நீளத்தைப் பெருக்கிக் காட்டும் லீனியர் ஸ்கேல் ஃபேக்டரை 25.4 என்று வைத்துவிட்டால், 20 நீளமுள்ள கோட்டின் மேல் தானாகவே 508 என்று வந்துவிடும். தட்டச்சுகூடத் தேவையில்லை.

வீட்டு பிளானுக்குக் கதவைப் பார் என்பார்கள். 3 அடிக் கதவு 36 என்று வந்தால் இஞ்ச், 900 பக்கம் வந்தால் மிமீ, 0.9 என்றால் மீட்டர். யூனிட் தெரிந்துகொள்ள இது போதும், என்னுடையது மாதிரி கோளாறைப் பிடிக்கப் போதாது. 36ஐ 25ஆல் பெருக்கினாலும் 900 தானே! 914.4 வரவேண்டிய இடத்தில் 900 வந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. நீங்கள் டேப் பிடித்து எடுத்த ஒரு அளவு, இருப்பதிலேயே நீளமானது, அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். 25க்கும் 25.4க்கும் உள்ள வித்தியாசம் சின்னத் துளையில் தெரியாது, நீளத்தில்தான் தெரியும்.

டிராயிங் போட்டவரிடம் பிளேட்டுக்கும் வெட்டுக்கூலிக்கும் பணம் கேட்டேன். "திருத்தின ஃபைல் ஃப்ரீயா அனுப்பறேன் சார்" என்றார். அனுப்பவும் செய்தார். டிஸ்ட் அடித்தேன். துளைக்குத் துளை 508, சரி. வெளி அளவு இன்னும் 600, மேலே 609.6 என்று தட்டச்சு.